பழைய மரச்சாமான்களும் இன்றைய வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் போகிற நண்பர்கள் கடையில் நின்றபடியே படம் எடுத்து அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்பார்கள். தாத்தா வீட்டுக் கட்டிலை என்ன செய்வதென்று தெரியாதவர்களும் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். பெரும்பாலும் செட்டிநாட்டுச் சாமான்களை வைத்தே பேசுகிறேன், எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவை அவைதான். ஒரு பொருளுக்கு உங்கள் வீட்டில் தினசரி வேலை இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதை ஒட்டித்தான் வரும்.

காரைக்குடியில் மட்டும் ஏன் இவ்வளவு பழைய சாமான் கிடைக்கிறது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்தவர்கள். சம்பாதித்ததைக் கொண்டுவந்து ஊரில் வீடு கட்டினார்கள். 1850-களில் தொடங்கி 1940-கள் வரை 70-க்கும் மேற்பட்ட ஊர்களில் இந்த வீடுகள் எழுந்தன. தூணுக்கும் உத்தரத்துக்கும் கதவுக்கும் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது, இலங்கையிலிருந்து முதிரை வந்தது. அதே மரத்தில் கட்டிலும் பெட்டியும் மேசையும் செய்துகொண்டார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற சீரிலும் மரச்சாமான் ஏராளமாகப் போகும்.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அந்த வாழ்க்கை முறிந்தது. அங்கே இருந்த சொத்து பெரும்பாலும் போயிற்று. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனது. ஒரே வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள், ஆனால் அதில் குடியிருக்க ஆள் இல்லை. பராமரிக்க முடியாமல் வீடு இடிபடும்போது சாமான்கள் கடைக்கு வருகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகள் இப்படித்தான் உருவாயின. அந்தக் கடைகளில் ஒரு பொருளைத் தொடும்போது இந்தக் கதை கொஞ்சம் மனதில் இருக்கட்டும் என்பது என் ஆசை.

சின்ன ஃபிளாட். முதலில் எதை வாங்கலாம்?

பெட்டி. மூடி போட்ட, பித்தளைப் பட்டை அடித்த தேக்குப் பெட்டி. சோபாவுக்கு முன்னால் போட்டால் டீப்பாய், உள்ளே போர்வையும் தலையணையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேலை செய்கிற பொருள் சின்ன வீட்டில் ஒருநாளும் பாரமாகத் தெரியாது. குஜராத்திலும் சக்கரம் வைத்த பெரிய சீர்ப்பெட்டிகள் உண்டு. அவை பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆளுக்கு இடம் இருக்காது.

அடுத்தது பெஞ்சு. திண்ணையிலும் முகப்பிலும் கிடந்த நீளமான, சாய்மானம் இல்லாத பெஞ்சை இன்றைய சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கமாகப் போடலாம். மூன்று பேர் உட்காரலாம், வேலை முடிந்ததும் மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மூன்றாவதாக எனக்கு மிகவும் பிடித்தது கணக்குப்பிள்ளை மேசை. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவதற்கென்று செய்தது, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. மூடி சரிவாக இருக்கும், தூக்கினால் உள்ளே பேனாவுக்கு ஒரு தட்டு, சில்லறைக்குக் குழிவான அறைகள். என் வீட்டில் இருப்பதில் வலது மூலையில் மட்டும் மை ஊறிக் கறுத்திருக்கிறது. எழுதியவர் மைக்கூட்டை எங்கே வைத்தார் என்பது அதிலிருந்தே தெரியும். இப்போது அதன்மேல் லேப்டாப். பாயில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மேசை கிடையாது.

பெரிய அலமாரி, பத்தாயம், நான்கு தூண் கட்டில் எல்லாம் கடைசி. அவற்றுக்கு முதலில் இடம் வேண்டும், அப்புறம் அந்த இடத்துக்குப் போகிற வழி வேண்டும். வாங்குவதற்கு முன் லிப்ட் கதவின் அகலம், மாடிப்படி திரும்புகிற இடம், வீட்டு வாசல், படுக்கையறைக் கதவு நான்கையும் டேப் வைத்து அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைக் கதவு பல ஃபிளாட்டுகளில் மூன்றடிகூட இருக்காது. பழைய அலமாரிகளில் சில பகுதி பகுதியாகக் கழற்ற வரும். வருமா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபிளாட்டில் ஊஞ்சல் போட முடியுமா?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. முடியும், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுத்தான்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம் உள்ள பலகை சரியாக இரண்டு கன அடி. ஒரு கன அடி தேக்கு ஏறக்குறைய 18 கிலோ என்பதால் பலகை மட்டும் 36 கிலோ. சங்கிலி தனி. மூன்று பேர் உட்கார்ந்தால் இன்னும் 200 கிலோ. ஆடும்போது அந்த இழுப்பு இன்னும் கூடும், அதுவும் முன்னும் பின்னுமாக மாறி மாறி விழும். பழைய வீட்டில் இதையெல்லாம் உத்தரம் தாங்கியது. உங்கள் வீட்டில் எது தாங்கப்போகிறது?

வீடு கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் கம்பியோடு சேர்த்துக் கொக்கி வைத்திருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால், டிரில் போட்டு ஆங்கர் போல்ட் அடித்துத் தருகிறேன் என்று வருபவரை அப்படியே நம்ப வேண்டாம். கட்டட வடிவமைப்பு தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, பீம் எங்கே ஓடுகிறது, எந்த போல்ட் எவ்வளவு ஆழம் என்று சொல்லட்டும். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் சிலாப்புக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடும். அதில் துளை போட்டு வடம் அறுந்தால் அது உங்கள் வீட்டு விஷயத்தோடு நிற்காது. அந்த வகைக் கட்டடத்தில் கூரையைத் தொடவே தொடாதீர்கள்.

அப்போது ஊஞ்சலுக்கு வழியே இல்லையா? கால் வைத்த சட்டம் செய்து அதில் மாட்டலாம். இடம் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் வாடகை வீட்டிலும் போடலாம், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஆடுவதற்கு முன்னும் பின்னும் மூன்றடியாவது காலியாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கும் டிவிக்கும் எதிரே வேண்டாம். பழைய பித்தளைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடம் தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தக் கண்ணிகளை மாற்றிவிட வேண்டும்.

உண்மையிலேயே பழையதா, பழையதுபோலச் செய்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள், இழுப்பறையை வெளியே உருவுங்கள், போன் டார்ச்சை அடித்து உள்ளே தலையை விடுங்கள்.

முதலில் அடிப்பலகையைக் கையால் தடவுங்கள். கை இழைப்புளி போட்ட பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் விரலுக்கு மெல்லிய அலை அலையாகப் படும். மிஷின் இழைத்தது கண்ணாடி மாதிரி ஒரே சமமாக இருக்கும். பாலிஷ் போடாத உட்பக்கம் பல பத்தாண்டு காற்றுப் பட்டு ஒரே சீராகக் கருத்திருக்க வேண்டும். திட்டுத் திட்டாக, தூரிகை ஓடிய தடத்தோடு கருப்பு தெரிந்தால் அது சாயம்.

அடுத்து இணைப்புகள். நல்ல பழைய வேலையில் ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றதில் பொளித்த துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்திருப்பார்கள். மரம் காலப்போக்கில் சுருங்குவதால் அந்த ஆணியின் தலை மட்டும் ஒரு நூலளவு வெளியே தள்ளி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் தட்டுப்படும். இழுப்பறையின் மூலையில் புறா வால் போல விரிந்து கோத்துக்கொள்ளும் பற்கள், கையால் வெட்டியவை என்றால் ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் இருக்கும். எல்லாம் ஒரே அச்சு என்றால் மிஷின்.

திருகாணியைப் பாருங்கள். தலையில் ஒரே ஒரு நேர்கோட்டுப் பள்ளம் இருந்தால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கே வந்தது. அது ஒரு கீலில் மட்டும் இருந்தால் பின்னால் பழுதுபார்த்தது என்று கொள்ளலாம், எல்லா இடத்திலும் அதுதான் என்றால் சாமானே பிந்தியது.

கடைசியாகத் தேய்மானம். இது பொய் சொல்லாது, ஆனால் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். மேசைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இருக்கிறதா? கால் வைக்கிற இடத்தில் மட்டும் அது குழிந்திருக்க வேண்டும். நாற்காலிக் கைப்பிடியில் உள்ளங்கை படுகிற முனை வழவழப்பாக இருக்க வேண்டும். சாவித் துவாரத்தைச் சுற்றி சாவிக்கொத்து தொங்கி உரசிய கீறல்கள் பிறை வடிவில் விழுந்திருக்கும். எந்த மனிதக் கையும் காலும் போகாத இடத்தில் தேய்மானம் இருந்தால் அது உப்புத்தாள் வேலை.

ஒன்று சொல்ல வேண்டும். ஜோத்பூரில் மாமரத்திலும் ஷீஷம் எனப்படும் நூக்க மரத்திலும் பழைய தோற்றத்தோடு புதுச் சாமான்கள் பெருமளவில் செய்கிறார்கள். அதில் தப்பே இல்லை, உறுதியாகவும் இருக்கும். புதுச் சாமானுக்கு உள்ள விலையில், புதுச் சாமான் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

தேக்கா, தோதகத்தியா, வேறு மரமா?

தூக்கிப் பாருங்கள். ஈட்டி, ரோஸ்வுட் என்றும் சொல்லப்படும் தோதகத்தி கன அடிக்கு ஏறக்குறைய 24 கிலோ, தேக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் கூடுதல். நிறத்தில் ஊதா கலந்த கரும்பழுப்பும் அதில் கறுப்பு ரேகையும் ஓடும். தேக்கு பொன்பழுப்பு, வயதாக ஆகக் கருக்கும். பாலிஷ் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, தேக்குக்குத் தோதகத்திச் சாயம் ஏற்றுவது பழைய வழக்கம். கடைக்காரர் சம்மதித்தால் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டி மோந்து பாருங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசையோடு தோல் வாசனை போல ஒன்று வரும். தோதகத்தியில் இனிப்பு வாசம்.

பலா, வேம்பு, பூவரசு, வாகை இவற்றிலும் நல்ல சாமான்கள் உண்டு. தேக்கு இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த கட்டையா, வெளிப்பக்கத்து வெள்ளை மரம் கலந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெள்ளைதான் முதலில் உளுத்துப்போகும்.

விலை நியாயமா என்று எப்படித் தெரியும்?

கடைக்காரர்கள் முதலில் மரத்தைத்தான் கணக்குப் போடுவார்கள், நீங்களும் போடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, கனத்தை அங்குலத்தில் அளந்து 12-ஆல் வகுத்துப் பெருக்கினால் கன அடி வந்துவிடும். ஆறடிக்கு ஒன்றரை அடி பெஞ்சுப் பலகை இரண்டங்குலக் கனம் என்றால் ஒன்றரை கன அடி. உங்கள் ஊர் மரக்கடையில் பழைய தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு தரை விலை கையில் இருக்கும். அதற்கு மேல் போவது வேலைப்பாட்டுக்கும், எல்லாப் பாகமும் அசலாக இருப்பதற்கும். ஒரு கால் மாற்றியது, பூட்டு புதியது என்றால் விலை இறங்க வேண்டும். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, பழுதுபார்க்கும் செலவு மூன்றையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. வாங்கலாமா?

தூள் என்ன நிறம்? குண்டூசித் தலையளவு துவாரங்களும், பக்கத்தில் வெளிறிய புதுத் தூளும் இருந்தால் உள்ளே வண்டின் புழு இன்னும் வேலை செய்கிறது. துவாரம் இருந்து தூள் இல்லையென்றால் பழைய கதையாக இருக்கலாம். சந்தேகமானால் அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு மூன்று வாரம் ஆடாமல் அசையாமல் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த புதிதில் எந்தப் பழைய சாமானையும் பால்கனியிலோ தனி அறையிலோ இப்படி வைத்துப் பார்ப்பது நல்லது.

சிறிய பாதிப்பு என்றால் துவாரங்களில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, மெழுகால் அடைக்கலாம். பாலிஷ் இல்லாத உட்பக்கங்களில் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. பெரிய பாதிப்புக்கு ஆள் கூப்பிடத்தான் வேண்டும். கொளுத்தும் வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கிற வைத்தியம் வேண்டாம், புழு சாகிறதோ இல்லையோ பலகை வெடித்துவிடும்.

கரையான் வேறு. அது மண் பாதை கட்டிக்கொண்டு தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ வரும். அங்கே சாமானுக்கு மருந்து அடித்துப் பயனில்லை, வீட்டுக்கு அடிக்க வேண்டும்.

சுரண்டி எடுத்துப் புதிதாகப் பாலிஷ் போடலாமா?

போட வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். நூறு வருடம் கை பட்டு, எண்ணெய் பட்டு, துடைத்துத் துடைத்து வந்த மினுமினுப்பு அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. அரை நாளில் சாண்டிங் மிஷின் அதைத் தூளாக்கிவிடும். அப்புறம் எத்தனை கோட் அடித்தாலும் அது நேற்றுச் செய்த சாமான் மாதிரிதான் இருக்கும். கூடவே கடைசல் கால்களின் கூர்மையான வளையங்களும் செதுக்கு வேலையின் விளிம்புகளும் மழுங்கிப் போகும்.

பெரும்பாலான சாமான்களுக்குச் சுத்தம் செய்தாலே போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. பல்தேய்க்கும் பழைய பிரஷால் செதுக்கு வேலைக்குள் இருக்கும் அழுக்கை எடுங்கள். காய்ந்ததும் தேன்மெழுகு கலந்த பாலிஷை மெல்லத் தேய்த்து, சற்று விட்டுத் துணியால் மினுக்குங்கள். முதல் முறை செய்யும்போது துணியில் வருகிற கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுப்பாகக் கரைந்தால் அது அரக்கு பாலிஷ். இதன் அருமை என்னவென்றால், மேலேயே இன்னொரு பூச்சு போட்டால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். எனவே உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. சூடான பாத்திரம் வைத்த வெள்ளை வளையத்தையும் இதே முறையில் அரக்கு பாலிஷ் தெரிந்தவர் எடுத்துவிடுவார். இன்றைய பியூ (பாலியூரித்தேன்) பூச்சு நல்ல உறுதி, தண்ணீர் தாங்கும். ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் அந்த இடத்தோடு சேர்த்துவிட முடியாது. தினமும் தண்ணீர் சிந்துகிற சாப்பாட்டு மேசையின் மேல்பலகைக்கு மட்டும் அதை ஒத்துக்கொள்வேன்.

ஆடுகிற இணைப்புக்கும் இதே நியாயம்தான். பழைய ஆசாரிகள் வஜ்ஜிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். சுடுதண்ணீரும் ஆவியும் காட்டினால் அது இளகும், பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆணி அடித்து நிமிர்த்துகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஆணி இறங்கிய இடத்தில்தான் அடுத்த விரிசல் ஓடும்.

பழைய சாமான்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. பெயின்ட் ரிமூவர் பூசி, ஈரமாகவே வழித்தெடுத்து, வெளியிடத்தில், முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையை வெளியே கொடுப்பதே நல்லது.

சாய்வு நாற்காலியின் பிரம்பு தொய்ந்துவிட்டது.

அறுபடாமல் தொய்ந்திருந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு இறுகும். அறுந்திருந்தால் புதிதாகப் பின்ன வேண்டியதுதான். கையால் ஒவ்வொரு துளையிலும் கோத்துப் பின்னச் சொல்லுங்கள். பின்னிய விரிப்பை வாங்கி விளிம்பில் அழுத்தி ஒட்டுவது வேறு வகை நாற்காலிக்கு உரியது, துளை போட்ட சட்டத்துக்குப் பொருந்தாது. நெகிழிப் பட்டையால் பின்னினால் மலிவு, ஆனால் கோடையில் முதுகு ஒட்டும். கைப்பிடிக்கு அடியிலிருந்து கால் நீட்டும் பலகை திரும்பி வருகிற பெரிய சாய்வு நாற்காலிக்கு ஆறடி நீளமாவது இடம் வேண்டும் என்பதை வாங்கும்போது மறந்துவிடாதீர்கள்.

பழைய கட்டிலுக்கு மெத்தை கிடைக்குமா?

கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது அரிது. கட்டிலின் உள் அளவைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கட்டில்கள் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தைக்காகச் செய்தவை, ஏற்கெனவே உயரம். அதன்மேல் எட்டு அங்குல மெத்தை போட்டால் வீட்டுப் பெரியவர்கள் ஏறி இறங்கத் தடுமாறுவார்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஏசி அறையில் வைக்கலாமா?

வைக்கலாம். ஏசி காற்று நேராகப் படாமல், ஜன்னல் வெயில் நேராக விழாமல் வையுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் முதுகுப் பலகைக்கு ஏறும். முதல் வருடத்தில் பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் லப்பம் வைத்து அடைக்காதீர்கள். மரம் புது இடத்துக்குப் பழகுகிறது, மழைக்காலத்தில் திரும்ப மூடிக்கொள்ளும். அடைத்துவிட்டால் விரிய இடமில்லாமல் வெடிக்கும்.

எல்லாமே பழையதாக வாங்கினால்தான் நன்றாக இருக்குமா?

அப்படிச் செய்தால் வீடு ஹெரிடேஜ் ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும். ஒரு அறைக்கு ஒரு பழைய பொருள், அதைச் சுற்றி மூச்சுவிட இடம். வெள்ளைச் சுவர், எளிய பருத்தித் துணி, சாதாரண சோபா இருந்தால் போதும், அந்த ஒரு பெட்டி தானாகவே கண்ணில் படும். இருண்ட மரத்தை வெளிச்சம் குறைந்த மூலையில் வைக்க வேண்டாம். செதுக்கு வேலை தெரிய பக்கவாட்டில் ஒரு விளக்கு வையுங்கள்.

தூண், கதவு, ஜன்னல் சட்டம் வாங்கி மேசையாக்கலாமா?

இதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஏற்கெனவே இடிந்த வீட்டிலிருந்து வந்து கடையில் கிடக்கும் கதவை மேசையாக்கினால் அதற்கு ஒரு வாழ்வு கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் "இந்த மாதிரி கதவு நிலை வேண்டும், கொண்டுவந்து தாருங்கள்" என்று ஆர்டர் கொடுத்தால், நின்றுகொண்டிருக்கிற வீட்டை உடைக்க நீங்களே ஒரு காரணம் ஆகிறீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வீடுகள் முழுதாக நின்றால்தான் அதற்கு அர்த்தம். பெட்டி, பெஞ்சு, நாற்காலி இவை இடம் மாறுவதற்கென்றே செய்தவை. தூண் அப்படியில்லை.

தாத்தா வீட்டுச் சாமானைப் பங்கு பிரிக்கிறோம். என்ன செய்வது?

ஜோடியைப் பிரிக்காதீர்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை என்று சேர்த்துச் செய்ததை ஒருவருக்கே கொடுங்கள், மற்றவருக்கு வேறொன்று. பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, யார் செய்தது, யாருடைய சீரில் வந்தது, எந்த அறையில் இருந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதி, அந்தத் தாளை இழுப்பறைக்குள் ஒட்டிவையுங்கள். அத்தையும் பெரியம்மாவும் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. யாருக்கும் இடம் இல்லையென்றால் பழைய மரக்கடையில் எடைக்குப் போடுவதற்கு முன், இரண்டு பழம்பொருள் கடைகளிலாவது காட்டுங்கள். ஒரே கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

தந்தம் பதித்த சாமான் விற்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் தந்த வியாபாரம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மைசூர்த் தோதகத்திப் பதிப்பு வேலையில் இன்று தந்தத்துக்குப் பதிலாக வேறு பொருள்களைத்தான் பதிக்கிறார்கள், அதைத் தாராளமாக வாங்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். எடுத்துக்கொண்டு போகலாமா?

இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடமோ அதற்கு மேலோ ஆன கலை, கைவினைப் பொருள்களும் கட்டடத்திலிருந்து கழற்றிய பாகங்களும் தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஐயம் இருந்தால், இது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தருகிற ரசீது அதற்கு ஈடாகாது.

இரண்டாவது தோதகத்தி. தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காக்க 1994-இலேயே தனிச்சட்டம் வந்தது. 2017 முதல் தோதகத்தி, நூக்கு உள்பட அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பெரிய சாமான் என்றால் இங்கிருந்து கிளம்பவும் அங்கே இறங்கவும் உரிய தாள்கள் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே, நீங்கள் வசிக்கும் நாட்டின் சுங்கத்துறையிடமும் இங்கே சரக்கு அனுப்புகிறவரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பதில் வந்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.